யூ ஆர் மை குளோரி: யூ டூ ரெண்டாவது தடவையும் வேணாம்னு சொன்னது சரிதானா? (இன்னும் பாக்காதவங்க படிக்காதீங்க, கதை முழுக்க வருது)

ராத்திரிக்கிளி:

எல்லாருக்கும் வணக்கம். நேத்து ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் இந்த சீன டிராமாவோட 32 எபிசோடும் முடிச்சேன், மனசு இன்னும் அங்கேயே சுத்திக்கிட்டு இருக்கு, யார்கிட்டயாவது பேசியே ஆகணும். என்கூட உக்காந்து பாத்தது என் அத்தை பொண்ணு, அவளுக்கும் எனக்கும் இதை வெச்சு பெரிய வாக்குவாதமே ஆகிப்போச்சு, அதான் இங்க வந்து கேக்குறேன்.

பாத்து ரொம்ப நாள் ஆனவங்களுக்காக கொஞ்சம் கதை. ஜிங்ஜிங் (டில்ராபா டில்முராத்) சீனால முன்னணி நடிகை. ஹானர் ஆஃப் கிங்ஸ் மொபைல் கேமுக்கு பிராண்ட் அம்பாசடரே அவதான், ஆனா அவளுக்கு அந்த கேம் சுத்தமா ஆட வராதுன்னு வெளிய தெரிஞ்சு நெட்டு முழுக்க கிண்டல் பண்றாங்க. கூடிய சீக்கிரம் ஒரு மேட்ச்ல ஆடிக் காட்டணும், இல்லன்னா அந்த ஒப்பந்தம் கையை விட்டுப் போயிடும்ங்கிற நிலைமை. அப்போ கேம்லயே மாட்டுறான் யூ டூ (யாங் யாங்), ஸ்கூல்ல இவ காதலைச் சொல்லி வேணாம்னு சொன்ன அதே பையன். இப்போ அவன் விண்வெளி இன்ஜினியர், லீவுல இருக்கான், அந்த வேலையிலயே இருக்கிறதா இல்ல சம்பளம் நிறைய வர்ற இன்வெஸ்ட்மென்ட் பேங்க் பக்கம் போறதான்னு தவிச்சுக்கிட்டு இருக்கான். இவளுக்கு கேம் சொல்லிக் குடுக்கிறான், நெருங்கிப் பழகுறாங்க, ஆனா திரும்பவும் இவ மனசைத் திறக்கும்போது அவன் விலகிடுறான். அந்த இடத்துலதான் நான் அழுதுட்டேன்.

அத்தை பொண்ணு சொல்றா, அவனுக்கு திமிரு, பொண்ணு தன்னைவிட மேல இருக்கிறது ஆம்பளைக்குப் பொறுக்கலன்னு. அது கூட பரவால்ல, இன்னொண்ணு சொன்னா பாருங்க, அதான் எனக்கு ஆறவே இல்ல: அவன் செயற்கைக்கோள் செய்றவன், இவ கேமராவுக்கு முன்னாடி சிரிக்கிறவ, ரெண்டையும் சரிக்கு சமமா வெச்சு கதை எழுதினதே தப்பு, ஒரு கேம் வீடியோவுக்கெல்லாம் ஒரு நடிகையோட பொழப்பு ஆடிப்போகுமா, எல்லாம் சும்மா பில்டப்புன்னு. எனக்கு அப்படித் தோணல, ஆனா பதில் சொல்லவும் தெரியல. அங்க சினிமா டிவி உலகம் எப்படி இயங்குதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ். அப்புறம் இதே மாதிரி நடிகை, பாட்டுக்காரி, டப்பிங் ஆர்ட்டிஸ்ட்னு போற லவ் ஸ்டோரி வேற இருந்தாலும் சொல்லுங்க.

செல்வி_கோவை:

ராத்திரிக்கிளி மா, நான் இதை 2021ல வந்த புதுசுலயே பாத்துட்டேன், அதுக்கப்புறம் ரெண்டு தடவை. உன் அத்தை பொண்ணுக்கு கோவம் வந்தது நியாயம்தான், எனக்கும் முதல் தடவை வந்துச்சு. ஆனா அவனை திமிரு புடிச்சவன்னு சொல்ல மாட்டேன்.

அங்க கல்யாணம்னா மாப்பிள்ளை வீட்டுல வீடு வாங்கித் தரணும்ங்கிற எதிர்பார்ப்பு ரொம்ப ஆழமா இருக்கு. அவன் வேலை பாக்கிற ஷாங்காய்ல வீட்டு விலை என்னன்னு எல்லாருக்கும் தெரியும். யூ டூ அரசாங்க ஆராய்ச்சி நிறுவனத்துல மாசச் சம்பளக்காரன், அப்பா அம்மா சாதாரண குடும்பம், அவங்களுக்கு ஒரு முடியாமன்னு வந்தாகூட கையில பணம் வேணுமேங்கிற பயம் அவனுக்கு உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு. சின்ன வயசுலேர்ந்து ஆசைப்பட்ட வேலையையே விடலாமான்னு யோசிக்கிறவன், எந்த ஆளா நாளைக்கு நிக்கப் போறோம்னே தெரியாத நேரத்துல ஒரு பொண்ணு கையைப் புடிக்க மாட்டேங்கிறான். அதுல ஒரு நேர்மை இருக்கு மா. எத்தனை டிராமால ஹீரோ தன்னோட குழப்பத்தை எல்லாம் ஹீரோயின் தலையில கட்டிட்டு அவளையே ஆறுதல் சொல்ல வெக்கிறான் பாத்திருக்கோம்.

ஆனா அவன் செஞ்ச தப்பு ஒண்ணு இருக்கு, அதை நான் விட்டுக் குடுக்க மாட்டேன். அவளுக்கும் சேத்து அவனே முடிவு பண்ணிட்டான். உனக்கு என்னால இதெல்லாம் தர முடியாதுன்னு அவனே கணக்குப் போட்டுக்கிட்டான், அவ அதையெல்லாம் கேட்டாளான்னு கேக்கவே இல்ல. அவகிட்ட வீடும் காசும் ஏற்கனவே இருக்கே, அவ கேட்டது அவனைத்தானே. அப்புறம் அவனே தெளிவாகி, தன்னோட வேலையிலயே உறுதியா நின்னு, அவளைத் தேடி வர்றான் பாரு, இந்தத் தடவை கேக்க வேண்டியது அவன், முடிவு சொல்ல வேண்டியது அவ. எழுதினவங்க (நாவலும் திரைக்கதையும் ரெண்டும் கு மான்தான்) அந்தத் தராசை அங்க நேராக்கிட்டாங்கன்னு நான் நெனைக்கிறேன்.

ஹாங்சோல_படிச்சவன்:

வணக்கம். நான் எம்பிபிஎஸ் படிச்சது ஹாங்சோல, அஞ்சு வருஷத்துக்கு மேல அங்க இருந்தேன், அதனால ரெண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

ஒரு வீடியோவால பொழப்பு போகுமான்னா, போகும் சிஸ். அங்க ரென்ஷன்னு ஒரு வார்த்தை அடிக்கடி அடிபடும், ஒரு நடிகர் மக்களுக்கு எப்படிப்பட்ட ஆளா காட்டிக்கிறாரோ அந்த உருவம். படிப்பாளி, சாப்பாட்டுப் பிரியை, கேம்ல கில்லாடி, இப்படி ஒவ்வொருத்தருக்கும் ஒண்ணு இருக்கும், கம்பெனிங்க காசு குடுக்கிறது அந்த உருவத்துக்குத்தான். அது உடைஞ்சா அவ்வளவுதான். ஜாய் தியன்லின்னு ஒரு நடிகர், டாக்டர் பட்டம் வாங்கின படிப்பாளின்னு பேரு. ஒரு லைவ்ல ரசிகர் ஒருத்தர் சிஎன்கேஐ பத்திக் கேக்கிறார், அது ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் இருக்கிற பெரிய சீன டேட்டாபேஸ், அங்க காலேஜ் படிக்கிற எல்லாருக்கும் தெரியும், நாங்க வெளிநாட்டு ஸ்டூடன்ட்ஸுக்கே தெரியும். இவரு அது என்னன்னு திருப்பிக் கேட்டுட்டார். அவ்வளவுதான் பேசினது. டாக்டர் பட்டம் வாங்கினவருக்கு இதுகூடத் தெரியாதான்னு ஜனங்க தோண்ட ஆரம்பிச்சு, அவரோட ஆராய்ச்சிக் கட்டுரையில காப்பி அடிச்சது வெளிய வந்து, 2019 பிப்ரவரில பெய்ஜிங் ஃபிலிம் அகாடமி டாக்டர் பட்டத்தையே ரத்து பண்ணிடுச்சு. அவரு செஞ்சது நிஜமான தப்பு, ஜிங்ஜிங் செஞ்சது தப்பே இல்ல, கேம் ஆடத் தெரியாததுதான். ஆனா ஒரு சின்ன வீடியோவைப் பாத்து அவ மேனேஜர் ஏன் அவ்வளவு பதறுறாங்கன்னா இதுதான் காரணம்.

இன்னொண்ணு, காதல் வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்ங்கிற பயம். 2017 அக்டோபர் 8ஆம் தேதி, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, பாடகர் லு ஹான் வெய்போல (அங்க ட்விட்டர் மாதிரி) ஒரே ஒரு வரி போட்டார், இவங்கதான் என் கேர்ள்ஃப்ரெண்டுன்னு நடிகை குவான் ஷியாவ்தோங் பேரைச் சொல்லி. வெய்போவே படுத்துடுச்சு. என் ரூம் பக்கத்துல இருந்த சீனப் பசங்க எல்லாம் ஃபோனை ரெஃப்ரெஷ் பண்ணிக்கிட்டே இருந்தாங்க, பக்கம் திறக்கவே மாட்டேங்குது. அன்னிக்குத்தான் அந்தக் கம்பெனி இன்ஜினியர் ஒருத்தருக்குக் கல்யாணம், மாப்பிள்ளை டிரஸ்லயே லேப்டாப்பைத் திறந்து சர்வரைச் சரி பண்ணின போட்டோ வெளிய வந்து எல்லாரும் ஷேர் பண்ணினாங்க. வெய்போல ஹாட் சர்ச்னு ஒரு லிஸ்ட் இருக்கு, 50 தலைப்பு வரிசையா நிக்கும், ரொம்பப் பெரிய விஷயம்னா பக்கத்துல வெடிங்கிற அர்த்தத்துல ஒரு சின்ன எழுத்து சிவப்பா ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்த ஒரு எழுத்துக்கு ஒரு நடிகையோட ஆபீஸே ராத்திரி முழுக்கத் தூங்காம இருக்கும். ஜிங்ஜிங் தொப்பி மாஸ்க்கோட யூ டூவைப் பாக்கப் போறதை இதைத் தெரிஞ்சுக்கிட்டு பாருங்க, அது வேற மாதிரி இருக்கும்.

வேலை பத்தியும் சொல்லணும். லீவுல ஒரு தடவை ஹெங்தியன் போனேன், ஜெஜியாங் மாகாணத்துல தோங்யாங் பக்கம் இருக்கிற பெரிய ஷூட்டிங் ஊரு, பெய்ஜிங் அரண்மனையை அப்படியே அதே அளவுல கட்டி வெச்சிருக்காங்க. அப்போ பஸ்தான், இப்போ ரயிலே போகுது. நான் போனது டிசம்பர், குளிர் எலும்பு வரைக்கும் ஏறுது. அரண்மனை மதில் ஓரமா முப்பது நாப்பது பேர் பழைய காலத்து சிப்பாய் டிரஸ்ல வரிசையா குந்தி உக்காந்து டப்பா சாப்பாடு சாப்பிடுறாங்க, மேல ஆளாளுக்கு கருப்பு ஜாக்கெட் போத்திக்கிட்டு. ஒருத்தன் சோத்துல கை வெச்சுக்கிட்டே தூங்கிட்டான். ஹெங்பியாவ்னு சொல்வாங்க இவங்களை, நடிகராகணும்னு ஊரை விட்டு வந்து அங்கேயே வாடகைக்கு ரூம் எடுத்து தினக்கூலிக்கு கூட்டத்துல நிக்கிறவங்க. அதே ஊர்ல ஒரு ஹோட்டல் வாசல்ல பொண்ணுங்க சின்ன மடக்கு ஸ்டூல் மேல ஏறி, கை நீளத்துக்கு லென்ஸ் வெச்ச கேமராவைத் தூக்கிட்டு நிக்கிறாங்க, யாரோ ஒரு ஹீரோ வெளிய வர்ற நேரமாம். மூணு மாசம் நாலு மாசம் ஒரு நடிகை அந்த ஊரை விட்டு நகர மாட்டாங்க, விடியக்காலம் மூணு மணிக்கு மேக்கப் ஆரம்பிக்கும்னு அங்க கடை வெச்சிருக்கிற அக்கா சொன்னாங்க. கேமராவுக்கு முன்னாடி சிரிக்கிறதுன்னு உங்க அத்தை பொண்ணு சொன்னது அந்தப் பாடெல்லாம் பட்டதுக்கு அப்புறம் வர்ற சிரிப்பு.

தமிழ்_கேமர்:

எல்லாம் சரி, ஆனா ஒண்ணை யாரும் சொல்லலயே. இது டென்சென்ட் வீடியோல வந்த டிராமா, ஹானர் ஆஃப் கிங்ஸ் டென்சென்டோட கேம். தலைப்புல இருக்கிற குளோரியும் கேம் பேர்ல இருக்கிற ஹானரும் சீனத்துல ஒரே வார்த்தை, ரோங்யாவ். முதல் பாதில பாதி நேரம் கேம் ஸ்கிரீன்தான் ஓடுது. எனக்கு கதை புடிச்சிருந்துச்சு, டில்ராபா நல்லாவே பண்ணியிருந்தாங்க, ஆனா விளம்பரத் தூதரா இருக்கிற நடிகையோட கதையே ஒரு விளம்பரமா இருக்கிறது எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. யாங் யாங்குக்கும் இது மூணாவது கேம் கதை, 2016ல லவ் ஓ2ஓ, 2019ல தி கிங்ஸ் அவதார், அப்புறம் இது.

வந்த நேரத்தையும் பாருங்க. முதல் எபிசோட் 2021 ஜூலை 26. ஆகஸ்ட் 3ஆம் தேதி சீன அரசு செய்தி நிறுவனமான ஷின்ஹுவா குழுமத்தோட பொருளாதாரப் பத்திரிகை ஒண்ணு கேமை எல்லாம் மனசுக்கான அபின்னு எழுதி, ஹானர் ஆஃப் கிங்ஸ் பேரையே சொல்லிடுச்சு, அன்னிக்கு டென்சென்ட் பங்கு படு வீழ்ச்சி. மாசக் கடைசில, 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க வெள்ளி சனி ஞாயிறு, அப்புறம் அரசு விடுமுறை நாள்ல மட்டும் ராத்திரி 8லேர்ந்து 9 வரைக்கும்தான் ஆன்லைன் கேம் ஆடலாம்னு விதியே வந்துடுச்சு.

செல்வி_கோவை:

தம்பி, நீங்க சொல்ற விளம்பரம் உண்மைதான், நான் மறுக்கல, கேம் காட்சியை நானும் ஓட்டி ஓட்டித்தான் பாத்தேன். ஆனா லவ் ஓ2ஓ பேரை எடுத்தீங்களே, அதுலயே ராத்திரிக்கிளியோட கேள்விக்குப் பதில் இருக்கு. அதுவும் கு மான் நாவல்தான், அதுவும் யாங் யாங்தான் ஹீரோ, அதுல ஹீரோயின் ஜெங் ஷுவாங். எத்தனை பேருக்கு முதல் சி-டிராமாவே (சீன டிராமா) அதுதான். 2021 ஜனவரில வாடகைத்தாய் விவகாரம் வெளிய வந்ததும் பிராடாங்கிற ஃபேஷன் கம்பெனி உடனே அவங்களை விட்டுடுச்சு, விளம்பரத்துக்குச் சேத்து சில நாள்தான் ஆகியிருந்துச்சு. ஆகஸ்ட் 27ஆம் தேதி வரி ஏய்ப்புக்கு 299 மில்லியன் யுவான் அபராதம். அவங்க நடிச்சதை எங்கயும் போடக் கூடாதுன்னு ஒளிபரப்புத் துறை சொல்லிடுச்சு. அதே ஆள்கூட ஜோடியா நடிச்ச பொண்ணு. ஒரு பக்கம் ஜிங்ஜிங் தன் பேரைக் காப்பாத்திக்கப் போராடுற கதை யாங் யாங் நடிச்சு ஓடிக்கிட்டு இருக்கு, அதே மாசத்துல இன்னொரு பக்கம் அவரோட பழைய ஹீரோயின் பேரு அழிஞ்சு போகுது. அந்த ஆகஸ்ட்ல நான் தினமும் செய்தியைப் படிச்சுட்டு ராத்திரி இந்த டிராமாவைப் பாத்தேன், ரொம்ப கனமா இருந்துச்சு. நடிகர்களை வரிசைப்படுத்திப் போடுற ரசிகர் லிஸ்டெல்லாம் எடுக்கணும்னு இணையத்துறை உத்தரவு போட்டதும் அதே ஆகஸ்ட் 27தான்.

நடிகையோட வேலை லேசான வேலைன்னு சொல்றவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். யூ டூ தப்புப் பண்ணினா அவன் குழுவுக்குள்ள திருத்துவாங்க, அவன் மூஞ்சி யாருக்கும் தெரியாது. இவளுக்கு அப்படி ஒரு ரூமே கிடையாது மா, சறுக்கினா ஊர் நடுவுலதான்.

நிலாமுயல்:

நான் எப்பவும் படிச்சுட்டுப் போறவ, இன்னிக்கு எழுதணும்னு தோணுச்சு. யூ டூங்கிற பேரு ஏன்னு கவனிச்சீங்களா? சீனத்துல நிலாவுல இருக்கிற பச்சைக்கல் முயலோட பேரும் கேக்க கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். 2013 டிசம்பர்ல நிலாவுல எறங்கின சீன ஊர்தி பேரு யூடூ, 2019 ஜனவரில நிலாவோட மறுபக்கத்துல முதல் தடவையா எறங்கினது யூடூ 2. டிராமா வர்றதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, 2021 மே மாசம், செவ்வாய்லயும் அவங்க ஊர்தி எறங்கியாச்சு. அங்க முயல் நிலாவுல உக்காந்து மருந்து இடிக்கும், நம்ம பாட்டி வடை சுடுவா, ஆனா நம்ம ஊர்லயும் நிலாக் கறையை முயல்னு சொல்ற பழக்கம் இருக்கு, பழைய தமிழ்ல நிலாவுக்கு முயற்கூடுன்னே ஒரு பேரு உண்டு. அதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்குத்தான் என் ஐடியை மாத்தினேன்.

நீங்க சொன்ன சமம்ங்கிற விஷயம், எனக்கு அது தலைப்புலயே இருக்கு. ரெண்டு பேரும் ஒருத்தர் வேலையைப் பாத்து இன்னொருத்தர் பெருமைப்படுறாங்க. அவன் அவளுக்கு கேம் சொல்லிக் குடுக்கும்போது ஒரு தடவைகூட இது என்ன வெட்டி வேலைன்னு நெனைக்கிறவனா தெரியல, செயற்கைக்கோளுக்குத் திட்டம் போடுற மாதிரி உக்காந்து பாடம் எடுக்கிறான். அவளும் வானத்தைப் பாக்கிறவன்கிட்ட இவ்வளவு சம்பளம் போதுமான்னு கேக்கல, உனக்குப் புடிச்சதை விடாதங்கிற பக்கம்தான் நிக்கிறா. எனக்குக் குறையா பட்டது கடைசிப் பத்து எபிசோட். கதை நின்னுபோய் இனிப்பு மேல இனிப்பா போகுது. அந்த இடத்துல அவ நடிக்கிற படம், அதுக்காக அவ படுற பாடு, இதை இன்னும் காட்டியிருக்கலாம். அவன் வேலையைக் காட்டின அளவுக்கு இவ வேலையைக் காட்டல. உங்க அத்தை பொண்ணுக்கு அப்படித் தோணினதுக்கு பாதிக் காரணம் அதாத்தான் இருக்கும்.

வேற டிராமா கேட்டீங்களே. லவ் சீனரி (2021) பாருங்க, ஷு லு பிரபல பாடகி, லின் யி அவங்களைவிட வயசுல சின்ன காலேஜ் பையன். பாடகி மேல நெட்டுல எல்லாரும் கல்லெறியும்போது அவன் அமைதியா கூட நிக்கிறது அழகா இருக்கும். ஆனா என் மனசுக்கு நெருக்கமானது லவ் மீ, லவ் மை வாய்ஸ் (2023). தான் ஜியன்சியும் ஜோ யேவும், அவரு டாக்டர், அதோட பேர்போன டப்பிங் ஆர்ட்டிஸ்ட், அவ நெட்டுல பாடுற பொண்ணு. மோ பாவ் ஃபேய் பாவ் நாவல். நாம சி-டிராமால கேக்கிற குரல் நிறைய நேரம் நடிகரோட சொந்தக் குரலே கிடையாது, ஷூட்டிங் இடத்துல சத்தம் ஜாஸ்தி, நடிகர்களும் ஒவ்வொரு ஊர்ப் பேச்சு, அதனால பின்னாடி வேற ஆளு ஸ்டூடியோல உக்காந்து பேசுவாங்க. அப்படி மூஞ்சி தெரியாம குரல் மட்டும் குடுக்கிறவங்களோட காதல் அது. சண்டை கிண்டல் எதுவும் இல்லாம மெதுவா போகும். கண்ணை மூடிக்கிட்டு கேட்டாலே போதும்.

ராத்திரிக்கிளி:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, இவ்வளவு எழுதுவீங்கன்னு நான் எதிர்பாக்கவே இல்ல. செல்வி அக்கா, அவளுக்கும் சேத்து அவனே முடிவு பண்ணினான்னு சொன்னீங்களே, எனக்கு ஏன் அழுகை வந்துச்சுன்னு இப்போதான் புரியுது.

அத்தை பொண்ணுக்கு இந்தப் பதிலையெல்லாம் உக்காந்து படிச்சுக் காட்டினேன். ஹெங்தியன்ல சாப்பாட்டு டப்பாவோட தூங்கினவரைப் பத்தி வந்ததும் எதுவும் பேசல, ஃபோனை வாங்கி அவளே இன்னொரு தடவை படிச்சா. யூ டூ விஷயத்துல மட்டும் இன்னும் இறங்கி வரல, திரும்பி வந்தவன் முதல்ல மன்னிப்புக் கேட்டிருக்கணும்ங்கிறா, அதை நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன். கேமர் தம்பி, நீங்க சொன்னதுக்கப்புறம் முதல் எபிசோட் மறுபடியும் போட்டுப் பாத்தோம், கேம் ஸ்கிரீன் நெஜமாவே ஜாஸ்திதான். ஆனா இந்தத் தடவை ஸ்கிரீனை விட்டுட்டு அவ மூஞ்சியைப் பாத்தேன். ஆட வராத ஒண்ணை, நாலு பேர் சிரிச்சதுக்கப்புறமும் உக்காந்து முதல்லேர்ந்து கத்துக்கிறா. அதை ஆகாசத்துல இருக்கிற நடிகையா பண்ணாம ஸ்கூல்ல ஃபெயிலான பொண்ணு மாதிரி பண்ணியிருக்காங்க டில்ராபா.

நாளைக்கு ராத்திரி லவ் மீ, லவ் மை வாய்ஸ் ஆரம்பிக்கிறோம், ஒரு நாளைக்கு ரெண்டு எபிசோட். கூட பாக்கிறவங்க சொல்லுங்க, தனியா ஒரு திரி போட்டுடுறேன்.